மூன்றாவது துண்டு

துண்டு 'வாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வரதனின் இரும்பு ஸ்கேல் கிழித்த ஓரம்தான் இருக்கிறது, பிசிறு பிசிறாக. மதுரைக் கோஷ்டியின் ஒரே கேஷுவல்டி, ஒரு ஸ்டூடண்ட், வாஸ். என் கையில் இருப்பது இவ்வளவுதான். மிச்சம் எதிர் மேஜையில் குழந்தைவேலிடம் இருக்கிறது. அவசரச் செய்தி வந்தால் எங்கள் பேப்பர் ஆபீஸில் இப்படித்தான். டெலிபிரிண்டர் கக்கிய தாளை வரதன் மேஜையில் போட்டு, ஸ்கேலை வைத்துக் கிழித்து, மூலையில் நீலப் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு ஆளுக்கொன்றாக நீட்டிவிடுவார். ஒருத்தன் உட்கார்ந்து முழுசையும் தமிழாக்குகிற நேரத்தில் மூன்று பேர் மூன்று பகுதியை முடித்துவிடலாம். ஆரம்பம் வைத்திருப்பவனுக்கு முடிவு தெரியாது, முடிவு வைத்திருப்பவனுக்கு ஆரம்பம் தெரியாது, அச்சுக்கோக்கிற அறையில்தான் எல்லாம் ஒன்றுசேரும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ வெள்ளங்களின் நடுப்பகுதியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எத்தனையோ மந்திரிகள் ராஜினாமா செய்யப் போய் வாசலில் நிற்கிறவரைக்கும் எழுதியிருக்கிறேன். செய்தார்களா இல்லையா என்பதை மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே எல்லோரையும் போல பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வேடிக்கையாகக்கூட இருந்தது. வழக்கமாக வரதன் பாரா முடிகிற இடம் பார்த்துத்தான் கிழிப்பார், இன்றைக்கு அதுகூடப் பார்க்கவில்லை, தென்மாவட்டப் பதிப்பு வேன் கீழே உறுமிக்கொண்டு நிற்கிறது, "நம்ம ஊர்ப் பிள்ளைகள்ப்பா, மலை சரிஞ்சு பஸ் மேல விழுந்திருக்கு, கர்நாடகாவுல, யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் கோஷ்டி, சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். சர்ரென்று அந்தச் சத்தம். பிள்ளைகள் என்று சொன்னார். யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் என்று சொன்னார். நான் கையை நீட்டி இரண்டாவது துண்டை வாங்கிக்கொண்டேன். அந்த பஸ்ஸில் என் மகள் இருக்கிறாள் என்று நான் இந்த ஆபீஸில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை. இப்போது கேட்டு என்ன. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுகிற பெண்ணின் அப்பன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்தது நான்தான், பாண்டியன் மகாராணி பெயர், சிவனடியார் பெயர். அந்தப் பெயர் மாவட்ட அளவில் நானூறு மீட்டரில் முதல் பரிசு என்று நம்ம பேப்பரிலேயே ஆறாம் பக்கத்து மூலையில் வந்தபோது குழந்தைவேல், "யாருங்க அண்ணே இந்தப் பொண்ணு, பேரே ஓடுது" என்றான். நான் ஆமாமா என்று சொல்லிவிட்டு எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. என் மக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு வரதன் அந்தத் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் முழுசும் படித்துப் பார்த்திருப்பார், ஒன்று என் தோளைத் தொட்டிருப்பார், இல்லையென்றால், ஒண்ணுமில்லை சிதம்பரம், உன் மக பேர் இல்லை என்று அங்கிருந்தே கத்தியிருப்பார். இப்போது இரண்டும் இல்லை. வரதன் தலையைக் குனிந்துகொண்டு முதல் துண்டை எழுதுகிறார், முதல் துண்டு எப்போதும் அவருக்குத்தான், தலைப்பு அவர் உரிமை. குழந்தைவேல் நாக்கைத் துருத்திக்கொண்டு மூன்றாவது துண்டை எழுதுகிறான். அவன் முகத்தைப் பார்க்கிறேன். அவன் முகத்தில் என்ன தெரியப்போகிறது. செத்ததை எழுதினாலும் சினிமாவை எழுதினாலும் அவன் நாக்கு அப்படித்தான் வெளியே வரும்.

எழுது. எழுதவேண்டும். மலைச்சரிவு ஏற்பட்ட இடத்துக்கு மீட்புக் குழு விரைந்தது, பாறைகளை அகற்றும் பணி மழையால் தாமதப்பட்டது, இதெல்லாம் எழுதிவிட்டேன், கை தானாக எழுதியது. கடைசி வரிக்கு வந்து நிற்கிறேன். கேஷுவல்டி. இந்த ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே அதுதான், கேஷுவல்டி சிதம்பரம். என் டீ கொட்டினால் டீ கேஷுவல்டி, என் செருப்பு அறுந்தால் செருப்பு கேஷுவல்டி. நான் பிடித்த சண்டை அப்படி. ஏஜென்சி ஆங்கிலத்தில் கேஷுவல்டி என்று அனுப்பினால் வரதன் கண்ணை மூடிக்கொண்டு 'பலி' என்று போடுவார், மூன்று எழுத்துகூட இல்லை, தலைப்பில் கச்சிதமாக உட்காரும். பதினைந்து கேஷுவல்டி என்றால் பதினைந்து பேர் பலி. மறுநாள் பார்த்தால் நான்கு பேர் இறந்திருப்பார்கள், பதினொரு பேர் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இட்லி தின்றுகொண்டிருப்பார்கள். "கொன்னுட்டீங்களே சார் பதினோரு பேரை" என்று நான் கத்துவேன். "பொழச்சதுல சந்தோஷம்தானே" என்பார் வரதன். பரணில் கிடந்த பழைய ஆங்கிலப் பேப்பர் தொகுப்புகளை வேலையில்லாத மத்தியானங்களில் தூசி தட்டிப் படித்ததில் வந்த வினை. அதில் இந்த ஒரு சொல் எத்தனை வேஷம் கட்டியிருக்கிறது. சண்டைக் காலத்துப் பட்டியலில் செத்தவன், காயம்பட்டவன், காணாமல் போனவன், எதிரியிடம் மாட்டியவன் எல்லோரும் ஒரே கேஷுவல்டி. கப்பல் செய்திப் பத்தியில் பார்த்தால் ஒரு மனுஷனுக்கும் கீறல் இல்லை, பாய்மரம் முறிந்திருக்கிறது, அதுவும் கேஷுவல்டி. பட்டாள அறிவிப்பில் பென்ஷன் வாங்கிக்கொண்டு கப்பலேறி ஊர் போனவனையும் கேஷுவல்டி கணக்கில்தான் எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன், படையில் ஒரு ஆள் குறைந்தால் சரி, எப்படிக் குறைந்தான் என்பது அவனுக்கு அப்புறம். இன்னும் பழைய தாள்களில் வெறும் தற்செயல், எதிர்பாராமல் நடந்த எதுவும். மழையில் நாடகம் நின்றுபோனது ஒரு கேஷுவல்டி. இப்போது மின்வெட்டின் முதல் கேஷுவல்டி மாவுமில் என்று எழுதுகிறான். நம் ஜனங்களுக்கோ பெரியாஸ்பத்திரியில் சிவப்பு விளக்கு எரிகிற வாசல்தான் கேஷுவல்டி, ஆட்டோக்காரனிடம் சொன்னால் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துவான். இத்தனையும் தெரியும் எனக்கு. தெரிந்து என்ன. ஒரே ஒரு கேஷுவல்டி, ஒரு ஸ்டூடண்ட், வாஸ். பாய்மரமாக இருக்கட்டும். கட்டுப்போட்ட காலாக இருக்கட்டும். கால் வேண்டாம், அவள் ஓடுகிறவள், கையாக இருக்கட்டும். கை உடைந்தால் ஆறு வாரத்தில் கூடிவிடும். இப்படிப் பேரம் பேசுகிறேன், யாரிடம் என்று தெரியவில்லை.

ஸ்டூடண்ட். அதையாவது ஆங்கிலக்காரன் ஆணா பெண்ணா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். தமிழில் நான் மாணவன் என்றோ மாணவி என்றோ எழுதியாக வேண்டும். மாணவர் என்று எழுதலாம், மரியாதையாகவும் இருக்கும், மழுப்பவும் செய்யும். மாணவர் என்று எழுதினேன். பார்க்க நன்றாக இருக்கிறது. யாருமில்லாத ஒரு மாணவர், அவருக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் இல்லை. அரசியின் ஷூவுக்கு அவளே சாக்பீஸ் தண்ணீர் பூசிக் காயவைப்பாள். மொட்டைமாடிச் சுவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பஸ் ஏறுகிற அன்றைக்கு நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், போனேன் என்பது ஒரு ஆறுதல். ஆனால் கோஷ்டி நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. டிராக் சூட் போட்ட பையன்களும் பெண்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், நான் பழக்கடை ஓரமாகவே நின்றுவிட்டேன். "அப்பா, ஒரு தடவையாச்சும் நான் ஓடறதை வந்து பாருங்களேன்" என்றாள். "ஆபீஸ்ல வேலை இருக்கும்மா" என்றேன். "பேப்பர் உங்களாலதான் ஓடுதாக்கும்" என்று சிரித்தாள், பையை வாங்கிக்கொண்டாள். ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் சீட்டா என்று கேட்டேன். ஆமாம்ப்பா என்றாள். ஜன்னல் சீட். எந்தப் பக்கத்து ஜன்னல். மலைப்பக்கமா, பள்ளத்துப் பக்கமா. நான் ஏன் ஜன்னலைக் கேட்டேன். மனுஷன் வேறு எதையாவது கேட்கக் கூடாதா.

டெலிபோன் அடிக்கிறது. போன் என் மேஜை ஓரத்தில்தான் இருக்கிறது, ஆகவே பேப்பர் ஆபீஸுக்கு வருகிற கேள்வி எல்லாம் என் காதில்தான் விழும், மழை வருமா, ரேஷன் எப்போது, சினிமா எந்தத் தியேட்டரில். எடுக்காமல் விட்டால் வரதன் நிமிர்ந்து பார்ப்பார். எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், மூட்டை இறக்குகிற சத்தம், யாரோ விலை கூவுகிற சத்தம், அதற்கு நடுவில் ஒரு ஆள் கத்துகிறார்.

"பேப்பர் ஆபீசாங்கய்யா? ஐயா, நான் உசிலம்பட்டி காய்கறி மண்டியிலருந்து பேசுறேங்கய்யா. எம்பேரு மாயன். கர்நாடகாப் பக்கம் பஸ்ஸு மேல மலை விழுந்துருச்சுன்னு ரேடியோவுல ஒரு வார்த்த சொன்னாகளாம். நெசந்தாங்களாய்யா?"

"செய்தி வந்துட்டிருக்குங்க. இன்னும் முழுத் தகவல் வரலை." இது நான் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இன்றைக்கு முதல்முறையாக அது உண்மை.

"எம்மகன் அதுல இருக்கான்யா. தவசின்னு பேரு. நீளம் தாண்டுவான். காலேசுல போயி கேட்டா எங்களுக்கும் தெரியலங்கிறாக. ஒங்களுக்குத்தான மொதல்ல தெரியும்? ஏதாச்சும் பேரு கீரு வந்துச்சாங்கய்யா?"

பேர் வரலை என்றேன். சொல்லிவிட்டு வைத்திருக்கவேண்டும், வைப்பதுதான் வழக்கம். வைக்கவில்லை. வாயை ரிசீவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு, வரதனுக்குக் கேட்காத மாதிரி, "என் மகளும் அந்த பஸ்லதாங்க இருக்கா" என்றேன். இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒரு மண்டிக்காரரிடம் சொன்னேன்.

"ஆத்தாடி" என்றார் மாயன். "ஒங்க புள்ளையுமாய்யா. ஓடுற புள்ளையா, தாண்டுற புள்ளையா?"

"ஓடுவா. நானூறு மீட்டர். மங்கையர்க்கரசின்னு பேரு." பேர் சொல்லும்போது என் குரல் நன்றாக எழும்பிவிட்டது, குழந்தைவேல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டான்.

"அரசின்னு ஒரு புள்ள கோப்பை வாங்குச்சுன்னு எம்மவன் சொல்லியிருக்கான்யா. அந்தப் புள்ளையா? நல்ல ஓட்டமாம்ல? காத்து கணக்கா ஓடும்னான். ஐயா, நீங்க பயப்படாதீக. ரெண்டும் சின்னஞ்சிறுசுக, குதிச்சு வெளிய வந்துருக்கும். நான் இங்கனயேதான் நிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கூப்புடுறேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வைத்தேன். என் மகள் எப்படி ஓடுவாள் என்று எனக்கு ஒரு ஆள் சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது, அதுவும் உசிலம்பட்டியிலிருந்து. காற்று கணக்காக ஓடுவாளாம். நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் தெருவில் ஓடுவாள், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவாள், அந்தத் தழும்பு இடது முட்டியில் இருக்கிறது, ஒரு காசு அளவு. அடையாளம் கேட்டால் சொல்லலாம். சீ, என்ன நினைப்பு இது. அடையாளம் யார் கேட்கப்போகிறார்கள். வீட்டில் என் மனைவி கனகம் இந்நேரம் வாசலில் தண்ணீர் தெளித்திருப்பாள். ரேடியோவில் வந்ததாமே, அவள் கேட்டிருப்பாளா. வீட்டு ரேடியோவில் கரகரப்பு அதிகம், நான்தான் ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று தள்ளிப்போட்டேன், நல்லதாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருந்தால் ஓடிவந்து சொல்லியிருப்பாள். பெண்ணை ஓட அனுப்பாதே என்று சொன்னவள் அவள். நானும் சொன்னேன். கனகம்தான் பிடிவாதமாக நின்றாள், நகையை அடகு வைத்து ஷூ வாங்கிக் கொடுத்தவள் அவள், இப்போது ஏதாவது என்றால் அவள் என்னைப் பார்க்கமாட்டாள், தன்னைத்தான் பார்ப்பாள். நான் போய் என்ன சொல்வேன். அவள் முகத்தைப் பார்த்து இன்னும் முழுத் தகவல் வரலை என்று சொல்வேனா.

குழந்தைவேல் எழுதி முடித்துவிட்டான். எழுதிய தாளை அச்சுக்கோக்கிற அறைக்குப் போகிற தட்டில் போட்டான், மூன்றாவது துண்டை மேஜைமேல் இருக்கிற குத்தூசியில் சடக்கென்று குத்தினான், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டான். "டீக்குப் போறேன் அண்ணே, வர்றீங்களா?" என்றான். தலையை ஆட்டினேன், வருகிறேன் என்றா இல்லை என்றா எனக்கே தெரியவில்லை. அவன் போய்விட்டான். முகத்தில் ஒன்றும் இல்லை. பெயர் இருந்திருக்கும், மங்கையர்க்கரசி என்று இருந்திருந்தால் அந்த ஆறாம் பக்கம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்காதா, பேரே ஓடுது என்று சொன்னவனாயிற்றே. இப்போது போனில் நான் அந்தப் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தானே, ஏன் நிமிர்ந்தான். நான் சத்தமாகப் பேசியதற்காகவா, அவன் எழுதிக்கொண்டிருந்த பெயரையே நான் சொன்னதற்காகவா. அப்படி என்றால் ஏன் திரும்பக் குனிந்தான். சொல்ல பயந்துகொண்டு டீக்கு ஓடிவிட்டானா. வர்றீங்களா என்று கூப்பிட்டது எதற்கு, வெளியே கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்வதற்கா. தினமும்தான் கூப்பிடுகிறான். தினமும் இந்த நேரத்துக்கா கூப்பிடுகிறான். துண்டு அதோ இருக்கிறது, குத்தூசியின் உச்சியில், மற்றத் தாள்களுக்கு மேல், காற்றாடி சுற்றச் சுற்ற ஓரம் படபடக்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். கையை நீட்டினால்கூடப் போதும்போல இருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. படிக்காத வரைக்கும் அவள் அந்தத் துண்டுக்குள்ளே உயிரோடுதான் இருக்கிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள், தோலைப் பக்கத்துப் பெண்ணின் கண்ணில் பிதுக்கி விளையாடுகிறாள். நான் போய்ப் பார்த்தால்தான் ஏதாவது நடக்கும். பார்க்காமல் இருந்தால் நடக்காது. இது பைத்தியக்காரத்தனம். டெலிபிரிண்டர் அது பாட்டுக்கு டக்கடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு என்ன, பருத்தி விலை அடிக்கிறது.

"சிதம்பரம், ரெண்டாவது துண்டு என்னப்பா ஆச்சு? பக்கத்தைக் கட்டி ஃபாரம் மூடணும், அங்க கத்தறான்" என்று வரதன் குரல் கொடுத்தார். "கேஷுவல்டிக்கு அகராதி பார்த்துக்கிட்டிருக்கியா? பலின்னு போட்டுட்டு அனுப்பு."

பலின்னு போட்டுட்டு அனுப்பு. அவர் வழக்கமாகச் சொல்கிற கேலிதான், அதில் விஷம் ஒன்றும் இல்லை, நல்ல மனுஷன். முதல் துண்டில் இறந்தவர்கள் கணக்கு இருந்திருக்கும், அதை வைத்துச் சொல்கிறாரா. கடைசித் துண்டைப் பார்த்துத்தான் சொல்கிறாரா. அவருக்குத் தெரிந்த ஒரு பலி எனக்குத் தெரியவில்லையா. அந்தச் சொல்லை இத்தனை வருஷம் வெறும் சொல்லாகவே வைத்துச் சண்டை பிடித்தேன், எத்தனை அர்த்தம் எத்தனை அர்த்தம் என்று பெருமையடித்தேன், ஒரு நாளும் அதன் கீழே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சண்டை பிடிக்கவில்லை. நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது, நாற்காலி பின்னால் இடித்தது. குழந்தைவேல் மேஜைக்குப் போனேன். குத்தூசியிலிருந்து அந்தத் தாளை மேலே இழுத்தேன், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கிழிந்துகொண்டு வந்தது. ஊதா மை, கொஞ்சம் மங்கல். முதல் வரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார் என்று இருந்தது. அடுத்த வாக்கியம் 'ஹி' என்று ஆரம்பித்தது.

ஹி. அவன். இரண்டே எழுத்து. அவள் இல்லை. அவன். என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சிரிப்பு, நான் சிரித்துவிட்டேன், சத்தமாகவே சிரித்தேன், அம்மா மீனாட்சி என்றேன், மேஜையைப் பிடித்துக்கொண்டேன், உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றிய மாதிரி இளகியது. அவள் இல்லை. அரசி இல்லை. ஷூ காய்கிறது, முட்டித் தழும்பு இருக்கிறது, கனகத்திடம் போய்ச் சொல்லலாம். வரதன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னப்பா, சாவுச் செய்தியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறே?" என்றார். "என் மக சார்" என்றேன். "என் மக அந்த பஸ்ல இருந்தா. அவ இல்ல சார். பையன் சார். செத்தது பையன்." வரதன் பேனாவைக் கீழே வைத்தார். உன் மகளா, எப்பப்பா, சொல்லவே இல்லையே என்று ஏதோ கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். நான் மறுபடியும் தாளைப் பார்த்தேன், மிச்சத்தையும் படிக்கலாம் என்றுதான், சந்தோஷமாகத்தான் படித்தேன். கோஷ்டியின் மற்றவர்கள் காயமின்றித் தப்பி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று இருந்தது. அதற்கு மேலே, அந்த 'ஹி'க்குப் பக்கத்தில், நான் தாண்டிப் போய்விட்ட இடத்தில், கோஷ்டித் தலைவர் அடையாளம் காட்டியதாகப் பெயர் இருந்தது. ஏஜென்சிக்காரன் எழுத்துக்கூட்டிய தினுசில் இருந்தது. தவசி. நீளந்தாண்டும் வீரர். உசிலம்பட்டி.

சிரிப்பு எங்கே போகும். அது முகத்திலேயே இருந்தது, இறங்கமாட்டேன் என்றது, உதட்டைக் கையால் தேய்த்துக் கீழே இறக்கினேன். சந்தோஷமும் போகவில்லை. அதுதான் கேவலம், அது உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தது, இன்னும் கொஞ்சம் சிரி என்றது. தவசி என்று தெரிந்த பிறகும் என் நெஞ்சு நல்லவேளை நல்லவேளை என்றே அடித்துக்கொண்டிருந்தது. நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, என் துண்டை எடுத்து, மாணவர் என்பதை அடித்து மாணவன் என்று எழுதினேன். ஒரே கேஷுவல்டி என்ற இடத்தில் எந்தச் சொல்லும் போடாமல், மதுரைக் கோஷ்டியில் இறந்தது ஒருவர்தான் என்று எழுதினேன். ஒருவர்தான் என்று எழுதிவிட்டு அந்த 'தான்' என்பதை அடித்தேன். வரதன் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்" என்றார். போகலாம். கனகத்திடம் போகவேண்டும். போன் அடித்தது.

வரதன் எடுக்கக் கை நீட்டினார். வேண்டாம் சார் என்றேன். மூன்று தடவை அடிக்கவிட்டேன். இன்னும் முழுத் தகவல் வரலைங்க, அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது, அதைச் சொன்னால் காலை வரைக்கும் அவர் மகன் உயிரோடு இருப்பான், பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், வேறு யாராவது சொல்லட்டும், காலேஜ் சொல்லட்டும், போலீஸ் சொல்லட்டும், இது என் வேலை இல்லை, நான் நடுத்துண்டு எழுதுகிறவன். எடுத்தேன். மண்டிச் சத்தம் குறைந்திருந்தது, கடை அடைக்கிற நேரம் போலிருக்கிறது.

"ஐயா, மாயன் பேசுறேன். ஒங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லையே? அரசிப் புள்ளைக்கு?"

முதலில் அதைத்தான் கேட்டார். அவர் மகனைக் கேட்கவில்லை.

"இல்லைங்க" என்றேன். "அவ நல்லா இருக்கா."

"எங்கய்யா கருப்பா" என்று அவர் விட்ட மூச்சு ரிசீவரில் புஸ்ஸென்று கேட்டது. பக்கத்தில் யாரிடமோ, ஏலே, பேப்பர்காரய்யா மக நல்லா இருக்காம்ல என்று கத்தினார். திரும்பவும் என்னிடம் வந்தார், குரலில் சிரிப்பு இருந்தது. "அப்பச் சரிதாய்யா. ஒங்க புள்ள நல்லா இருந்தா எம்மவனும் நல்லாத்தான் இருப்பான். ஒரே பஸ்ஸுதான. நாந்தான் சொன்னேன்ல, குதிச்சு வந்துருக்கும்னு. அவென் ஆத்தாக்காரி சேதி கேட்டதுலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாமக் கெடக்கா, போயிச் சொல்லிட்டு வந்துர்றேன். வச்சிரட்டுமாய்யா?"

"வைக்காதீங்க" என்றேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மாயண்ணே, வைக்காதீங்க. அங்க பக்கத்துல யாரோ இருக்காங்களே, அவரை உங்க கூடவே நிக்கச் சொல்லுங்க."